குட்டியானையும் எட்டு தண்ணீர் கேனும்

கேரவன் என்று சொன்னால் மதுரைக்காரனுக்கு முதலில் ஞாபகம் வருவது ஷூட்டிங்தான். திருப்பரங்குன்றம் பக்கமோ மேலூர் பக்கமோ படப்பிடிப்பு நடந்தால் ரோட்டோரம் ஒரு நீள வண்டி நிற்கும். ஜன்னல் எல்லாம் மூடி, ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஹீரோ உள்ளே இருக்கிறாராம் என்று வெளியே இருநூறு பேர் வெயிலில் நிற்போம். நானும் நின்றிருக்கிறேன். கடைசிவரை யாரும் இறங்கி வரவில்லை, அது வேற கதை :)

வெளிநாட்டில் அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற. காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். உள்ளே படுக்கை, அடுப்பு, தொட்டி, கக்கூஸ் எல்லாம் உண்டு. ராத்திரி ஆனால் இதற்கென்றே இருக்கிற மைதானத்துக்குப் போய், வாடகை கட்டி, நம்பர் போட்ட இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கரண்டுக்கு ஒரு பிளக், தண்ணீருக்கு ஒரு குழாய், கழிவுக்கு ஒரு குழாய், எல்லாம் அந்த இடத்திலேயே இருக்கும். இங்கிலாந்தில் இந்த ஆட்களுக்கு 1907-லேயே சங்கம் வந்துவிட்டது. அப்போது வண்டியை இழுத்தது குதிரை. அமெரிக்காவில் 1962-ல் மொன்டானா மாநிலத்து பில்லிங்ஸ் ஊரில் ஆரம்பித்த கே.ஓ.ஏ. என்ற கம்பெனி இந்த மாதிரி மைதானங்களை நாடு முழுக்கப் பரப்பிவிட்டது. கழிவுக் குழாய் இல்லாத மைதானத்தில் தங்கினால், மறுநாள் போகிற வழியில் வண்டிக்கு அடியில் இருக்கும் தொட்டியைக் காலி செய்யத் தனி இடம் வைத்திருக்கிறார்கள். படிக்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால் நான் சொல்ல வந்ததே அந்தக் கடைசி ஐட்டத்தைப் பற்றித்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊரில் இதெல்லாம் எங்கே என்று கேட்காதீர்கள். நாம் ரெண்டாயிரம் வருஷமாகச் செய்கிறோம். சங்க காலத்து உப்பு வியாபாரிகளான உமணர்கள், குடும்பத்தோடு வண்டி வண்டியாகக் கிளம்பி, போகிற வழியில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, தங்கித் தங்கிப் போனவர்கள். வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சு கட்டி வைத்திருப்பார்களாம். இன்றைக்கு ஸ்டெப்னி டயர் இருக்கிற மாதிரி. அதியமான் மகன் எழினியை அவ்வையார் அந்த உபரி அச்சோடுதான் ஒப்பிடுகிறார் (புறநானூறு 102). பிளஸ் டூவில் தமிழில் நான் எடுத்த மார்க்கைப் பார்த்து யாரும் இதை நம்பாமல் போகவேண்டாம், சரிபார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அப்புறம் ராணி மங்கம்மாள். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட அந்த அம்மா போட்ட சாலைகளையும் கட்டிய சத்திரங்களையும் இன்றைக்கும் பேர் சொல்லிக் காட்டுகிறார்கள். மதுரை ரயில்வே ஜங்ஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவனுக்கு ராத்திரி தலை சாய்க்க இடம் வேண்டும் என்பது முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஆள்கிறவருக்குத் தோன்றியிருக்கிறது.

இன்றைக்கு எங்கள் பக்கம் உமணர் வண்டியின் இடத்தில் இருப்பது குட்டியானை. டாடா ஏஸ் என்று சொன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது, குட்டியானை என்றால்தான் தெரியும். குலசாமி கும்பிட, மொட்டை போட, காது குத்த என்று சொந்தக்காரர்கள் வேனில் போனால், பின்னாடியே குட்டியானை வரும். அதில் அண்டா, தேக்சா, அடுப்பு, சிலிண்டர், தார்ப்பாய், கோரைப்பாய், அரிசி மூட்டை, தண்ணீர் கேன். சில சமயம் ஒரு கிடா. இதுதான் எங்கள் டிரெய்லர். ஒரே வித்தியாசம், கொக்கி போட்டு மாட்டவில்லை. அதற்கும் ஒரு டிரைவர், அவருக்கும் ஒரு பேட்டா.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மே மாதம், தாத்தாவுக்கு ராமேஸ்வரத்தில் திதி கொடுக்கப் போனோம். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து 21 பேர். ராமேஸ்வரம், அங்கிருந்து கடற்கரையோரமாகவே திருச்செந்தூர், அப்புறம் கன்னியாகுமரி, மூன்றாம் நாள் ராத்திரி வீடு. இதுதான் பிளான். ரூம் போட்டிருக்கலாமே என்பீர்கள். 21 பேருக்கு ஆறு ரூம், ஒரு ரூம் 1,500 என்று வைத்தாலும் ஒரு ராத்திரிக்கு 9,000. ரெண்டு ராத்திரிக்கு 18,000. வேன் வாடகையே 24,000. "ரூம்ல போயி யாரு தூங்கப் போறா, தரையில படுத்தா முதுகு ஒடிஞ்சா போகும்?" என்று அப்பத்தா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. பி.காம். படிக்கிற பையன் என்று கணக்கு நோட்டை என் கையில் கொடுத்தார்கள். படிப்புக்குக் கிடைத்த முதல் மரியாதை!

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் காரியம் முடித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியோடு வந்து வண்டிகள் நிற்கிற மைதானத்தில் தார்ப்பாயைக் கட்டினோம். வேனுக்கும் குட்டியானைக்கும் நடுவில் கட்டினால் அதுவே பந்தல். அந்த மைதானத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஆந்திரா பஸ், டிக்கியைத் திறந்தால் முழு சமையல்கட்டு. இந்தப் பக்கம் கர்நாடகா வேன். எதிரே ஈரோட்டுக்காரர்கள், ஒரு பாட்டுப்பெட்டியோடு. பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் கொடி கட்டி சேலை காய்கிறது. நாலு மொழியில் குழந்தைகள் அழுகின்றன. ஆந்திராக்கார அம்மா ஒருவர் எங்கள் அப்பத்தாவிடம் வந்து ஒரு கிண்ணத்தில் ஆவக்காய் ஊறுகாய் நீட்டினார். அப்பத்தாவுக்குத் தெலுங்கு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பதிலுக்கு அப்பத்தா ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளிக் கொடுத்தது. அப்புறம் ரெண்டு பேரும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கேட்டதற்கு, "அவுக மருமக சரியில்லையாம்டா" என்றது அப்பத்தா.

கொசு, தெருநாய், ரெண்டு மணிக்கு ரிவர்ஸ் எடுக்கிற பஸ்ஸின் சத்தம், எல்லாம் இருந்தும் அந்த ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன். ஆம்பளைகள் எல்லோருமே நன்றாகத்தான் தூங்கினோம்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கிளம்பி, ஏர்வாடி தாண்டி, சாயல்குடிப் பக்கம் மதியம் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். மே மாதம், உச்சி வெயில், கண்ணுக்கு எட்டின வரைக்கும் சீமைக்கருவேலம். அது நிழலும் தராது, ஒதுங்கவும் விடாது, உள்ளே போனால் முள். நான் நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். குடிதண்ணீருக்கு என்று ஊரிலிருந்து 8 கேன் ஏற்றியிருந்தோம். 20 லிட்டர் கேன், ஒன்று 30 ரூபாய். ஒன்றரை நாள் ஆகியும் 5 கேன் மூடிகூடத் திறக்கவில்லை. 'தண்ணீர் - தேவைக்கு மேல் வாங்கியது, மிச்சம் ரூ.150' என்று எழுதி, அடுத்த டிரிப்புக்கு 4 கேன் போதும் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டேன். அப்பாவிடம் காட்டினேன். "பரவாயில்லயே" என்றார்.

அடுத்த பத்தாவது நிமிஷம் பெரியம்மா இலையில் சோறு வைத்துக்கொண்டே வந்தவர், வாளியோடு அப்படியே சரிந்து விழுந்தார்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியது. டாக்டரம்மா வந்து பெரியம்மாவிடம் ஏதேதோ மெதுவாகக் கேட்டார். வெளியே வந்து, உடம்பில் தண்ணீரே இல்லை, நீர்க்கடுப்பும் தொற்றும் இருக்கிறது, நேற்றிலிருந்து அந்த அம்மா எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பா என்னைப் பார்க்கிறார். நான் கணக்குப் பிள்ளையாச்சே!

ராத்திரி திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தபிறகு அக்காதான் (பெரியம்மா மகள்) என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள்.

"தண்ணி மிச்சம்னு எழுதி வச்சியே, ஏன் மிச்சமாச்சுன்னு யோசிச்சியாடா?"

"ஏன்?"

"குடிச்சா போகணும்ல. எங்க போறது?"

வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பொம்பளைகள் பன்னிரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களாம். காலையில் ஒரு டீ, மத்தியானம் சோற்றுக்கு ஒரு தம்ளர், அவ்வளவுதான். ராமேஸ்வரத்து மைதானத்தில் கட்டணக் கழிப்பறை இருந்ததே என்றேன். இருந்தது. ராத்திரி அதற்குப் போக ரெண்டு பஸ்ஸுக்கு நடுவில் இருட்டில் நடக்க வேண்டும். ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, இன்னொருத்தி வெளியே நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். அது மட்டுமா? ஒரு தடவைக்குப் பத்து ரூபாய். "ஒவ்வொரு தடவையும் அவரைப் போயி எழுப்பி, பத்து ரூவா குடுங்கன்னு கேட்க முடியுமாடா? அதுவும் மாமனாரு பக்கத்துல படுத்திருக்கும்போது?" என்றாள். நான் ராமேஸ்வரத்தில் 'ஏழு பேர், கழிப்பறை, 70' என்று எழுதியிருந்தேன். ஏழு பேருமே ஆம்பளைகள். எழுதும்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 பேர், ஒரு நாளைக்கு ஐந்து தடவை, பத்து ரூபாய். ஒரு நாளைக்கு 600, மூன்று நாளைக்கு 1,800. அந்த டிரிப்பில் பூவுக்கு மட்டும் 1,150 செலவு செய்திருந்தோம். பஜ்ஜிக்கும் டீக்கும் இன்னும் மேலே. ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் எவ்வளவு ஆனது என்று சொல்லப்போவதில்லை, பெரியப்பா இதைப் படித்தால் திட்டுவார். கன்னியாகுமரி போகவில்லை. நேராகத் தூத்துக்குடி, எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக வீடு வந்து சேர்ந்தோம். பெரியம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது, "என்னால உங்க எல்லாருக்கும் கன்னியாரி போச்சு."

இன்னொரு விஷயம் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் கிளம்பும்போதே பெரியப்பா ஒரு கண்டிஷன் போட்டார். அடுப்பை எந்தக் காரணம் கொண்டும் வண்டிக்கு மேலே வைத்துப் பற்றவைக்கக் கூடாது, மழையே பெய்தாலும் கீழே இறக்கித்தான் சமையல். காரணம் மதுரையில் எல்லோருக்கும் தெரியும். 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி அதிகாலை, லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் தனிப்பெட்டி மதுரையில் எரிந்தது. 17-ம் தேதி கிளம்பி ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் பெட்டியைப் புனலூர் எக்ஸ்பிரஸிலிருந்து கழற்றி ஜங்ஷன் பக்கம் தனியாக நிறுத்தியிருந்தார்கள். ரயிலில் கொண்டுபோகக் கூடாத சிலிண்டரை உள்ளே வைத்திருக்கிறார்கள். விடிகாலை ஐந்தேகால் வாக்கில் தீ. ஒன்பது பேர் இறந்துபோனார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கேரவன்தான். இழுத்து வந்தது ரயில் எஞ்சின், நிறுத்தின இடம் யார்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படிந்து நிற்கும். கதவு ஜன்னல் மூடிய வண்டிக்குள் கணுக்கால் உயரத்துக்குக் கேஸ் நிற்பது மூக்குக்குத் தெரிவதற்குள் யாராவது தீக்குச்சி கிழித்துவிடுவார்கள். இங்கிலாந்து டிரெய்லர்களில் சிலிண்டர் பெட்டிக்கு அடியில் வேண்டுமென்றே ஓட்டை விட்டிருக்கிறார்களாம், கசிந்தால் ரோட்டில் இறங்கிப் போகட்டும் என்று. நம் ஆட்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. சட்டம் போட்டுத் தடுக்கிறார்கள், சரிதான். ஆனால் விடிகாலை நாலு மணிக்கு வயசானவர்களுக்கு ஒரு வாய் காபி எங்கே கிடைக்கும் என்பதற்கும் யாராவது பதில் வைத்திருந்தால், சிலிண்டரை ஒளித்துக் கொண்டுவரத் தோன்றாது என்பது என் கட்சி. உங்களுக்கு வேறு கட்சி இருக்கலாம்.

இப்போது அரசாங்கங்களும் கேரவன் பற்றிப் பேசுகின்றன. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்து, 2022-ல் வாகமனில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. தமிழ்நாடு 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு. நல்ல விஷயம், வரட்டும். ஆனால் ஏசி போட்ட கேரவன் இனிமேல்தான் வரவேண்டும். வேனும் குட்டியானையும் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் வந்து நிற்கின்றன. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் மரத்தடியில் அண்டா இறக்குவதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம் (குரங்கிடமிருந்து வாழைப்பழத்தைக் காப்பாற்றுவது தனி டிபார்ட்மென்ட்). இவர்களை டூரிஸ்ட் என்று யாரும் எண்ணுவதில்லை, பக்தர்கள் என்கிறார்கள். பக்தர்கள் என்றால் எப்படியும் வருவார்கள், எப்படியும் படுத்துக்கொள்வார்கள் என்று ஒரு தைரியம். இவர்களுக்கு ஸ்விட்ச் போட்டால் எரிகிற ஒரு விளக்கு, தாழ்ப்பாள் போட்ட கதவு, குழாய், அடுப்பு வைக்க ஓடு போட்ட ஒரு கொட்டகை போதும். முப்பது ஆம்பியர் பிளக் எல்லாம் வேண்டாம்.

இந்த வருஷம் மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போனோம். அருப்புக்கோட்டைக்கு அங்கிட்டு, பொட்டல் காட்டுக்கு நடுவில் கோயில். ரெண்டு ராத்திரி. ரெண்டு வாரம் முன்பே அக்காவும் நானும் உட்கார்ந்து லிஸ்ட் போட்டோம். மெடிக்கல் கடையில் வயசானவர்களுக்கு விற்கிற கமோடு நாற்காலி ஒன்று. மூடி போட்ட ரெண்டு வாளி. தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு மூட்டை மரத்தூள், ஒவ்வொரு தடவையும் ரெண்டு கை அள்ளிப் போட்டால் வாடை வராது. நாலு சவுக்குக் கம்பு. மறைப்புக்குத் துணி தேடும்போது, மாமா கல்யாண பேனர் பரண்மேல் இருந்தது. பெரிய ஃப்ளெக்ஸ், கிழியவே கிழியாது. மாமா பயங்கரமாகக் கோபப்பட்டார், அத்தைதான் சமாதானம் செய்தார். போட்டோவை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டுவது என்று முடிவானது. உள்ளே போகிறவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள் :)

வாளியை எங்கே காலி செய்வது என்பதுதான் பெரிய சிக்கல். பூசாரியிடம் கேட்டோம். ஊருணிக்கும் கிணற்றுக்கும் தள்ளி, கோயில் எல்லைக்கு வெளியே ஓர் இடம் காட்டினார். சித்தப்பாவும் நானும் மண்வெட்டியோடு போய் இடுப்பு ஆழத்துக்குக் குழி வெட்டினோம். "படிச்ச பயல இந்த வேலைக்கா விடுறது" என்று அப்பத்தா முனகியது. குழியை மூடும்போதும் நான்தான்.

போகிற வழிக்கு வேறு ஏற்பாடு. சில்லறைச் செலவுக்கு முன்பணம் என்று எங்கள் பாடத்தில் ஒரு முறை உண்டு. ஒரு தொகையை முன்னாலேயே ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும், அவர் ஒவ்வொரு தடவையும் வந்து கேட்க வேண்டியதில்லை, தீர்ந்ததும் மறுபடி நிரப்பிக் கொடுக்கலாம். ஆயிரம் ரூபாயைப் பத்து ரூபாயாக மாற்றி அக்கா கையில் கொடுத்தேன். கணக்கு கேட்கமாட்டேன் என்றும் சொன்னேன். அதற்கு பெரியப்பா, "கணக்கு கேக்காத கணக்குப்பிள்ளையா?" என்றார். அக்கா சுருக்குப்பையைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டாள்.

8 கேன் ஏற்றியிருந்தோம். முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கே எட்டும் காலி. பொங்கலுக்குத் தண்ணீர் இல்லை என்று பெரியம்மா சத்தம் போட்டது. குட்டியானையை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்கே திரும்பிப் போய் இன்னும் நாலு ஏற்றி வந்தோம். நோட்டில் இப்படி இருக்கிறது: தண்ணீர், 12 கேன், 35 வீதம், ரூ.420. அன்றைய செலவில் அதுதான் பட்ஜெட்டைத் தாண்டிய ஒரே ஐட்டம்.